மறு சந்தை வரைக்கும்

அந்தப் பக்கத்தில் சாவதற்கு வழியா இல்லை? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறார். காளை முட்டிப் போனவர், கூரை மாற்ற ஏறி விழுந்தவர், அறுவடை வெயிலில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்து எழுந்திருக்காதவர் என்று வீட்டுக்கு ஒரு கதை உண்டு. காய்ச்சல் வந்தால் பாதித் தெரு காலி. இருமல் வந்தால் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பிள்ளை பெறப் படுத்தவள் எழுந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. அந்த மக்கள் இதையெல்லாம் மழை வெயில் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் வாய்விட்டு அழுவார்கள், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள்.

வாய்ப்பூட்டு என்ற ஒன்றுக்கு மட்டும் எல்லாரும் நடுங்கினார்கள். ஆணி குத்தும், முள் கிழிக்கும், புண் ஆறிக்கூடப் போய்விடும். பிறகு ஒரு காலையில் தாடை இறுகும். கஞ்சி உள்ளே இறங்காது. முகம் சிரிப்பது போல இழுத்துக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும், கதவு சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். அதுதான் கொடுமை.

லாடக்காரர் தன் கூடப்பிறந்த தம்பியை அதற்குக் கொடுத்தவர். குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அப்பன் பாட்டன் காலத்துத் தொழில். தெருக்கோடியில் பட்டறை, அதற்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு சுவர்தான். துருத்தி ஊதினால் அடுப்படியில் கேட்கும், அடுப்படியில் தாளித்தால் பட்டறையில் தும்முவார். ஆள் வாட்டசாட்டம், வாய் அதற்கு மேல். குதிரையின் காலைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அதனோடு ஊர்க்கதை பேசுவார். கடிக்கிற குதிரைகூட அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

அவர் காலிலேயே ஆணி ஏறியது. வாரச் சந்தைக்கு மறுநாள், வண்டிக்காரர் ஒருவருடைய குதிரைக்குப் பழைய லாடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழன்ற ஆணி எங்கோ தெறித்தது. தேய்ந்த செருப்பு. பின்னால் ஒரு அடி வைத்தார், குதிகாலில் முழுசாக இறங்கிவிட்டது.

அவர் கத்தவில்லை. உட்கார்ந்து குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். அதன் நுனியில் ஒட்டியிருந்த சாணியையும் மண்ணையும் பார்த்தார். பிறகு எழுந்து ஒற்றைக் காலில் உலைக்குப் போய், மெல்லிய கம்பி ஒன்றைக் கரிக்குள் செருகித் துருத்தியை ஊதினார். கம்பி சிவந்ததும் எடுத்துக் குதிகால் ஓட்டைக்குள் விட்டார். சதை பொசுங்குகிற வாடைக்குக் குதிரை தலையை உதறியது. நிறைமாத வயிற்றோடு மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க? ஐயோ, என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ. எனக்கே லாடம் அடிச்சிக்கிட்டிருக்கேன்."

வண்டிக்காரர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவருடைய முகத்திலும், அந்தப் பேச்சுக்கு அப்புறம், ரத்தம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு சந்தை போய் மறு சந்தை வந்துவிட்டால் ஆள் தப்பித்தான் என்பது அங்கே கணக்கு. யார் போட்ட கணக்கோ, எல்லாரும் அதை நம்பினார்கள். அதுவரைக்கும் அவர் ஊருக்குப் பாதி ஆள்தான். குதிரை கொண்டுவருகிறவர்கள் முதலில் அவர் வாயைப் பார்த்தார்கள், பிறகுதான் குதிரையைப் பற்றிப் பேசினார்கள்.

மனைவி வறுத்த சோளத்தைத் தட்டில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள். காலையிலும் சோளம், வேலை முடிந்து வந்தாலும் சோளம். நன்றாகக் கடினமாக வறுத்தது. அவர் மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி, என்னைய என்ன குதிரைன்னு நெனச்சியா? பல்லுதான் கொட்டப் போவுது."

"கொட்டட்டும். மெல்லுங்க."

"நேத்து மென்னது இன்னும் வயித்துல கடமுடங்குது."

"இந்தப் பக்கம் மெல்லுங்க. இந்தப் பக்கத்துல சத்தம் வரல."

"வாயத் தொறந்து காட்டவா?"

"காட்டுங்க."

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் விளையாடவில்லை. அவர் வாயை அகலத் திறந்து, அண்ணாக்கு தெரிய, 'ஆ' என்று நின்றார். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இது நாள்தோறும் நடந்தது. வெளியே கேலி பண்ணினாலும், பட்டறையில் தனியாக இருக்கும்போது அவரும் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொள்வார். ராத்திரி தம்பியின் முகம் நினைவுக்கு வரும். அந்தச் சிரிப்பு வரும். புரண்டு படுப்பார்.

அவளுக்குப் பயம் இரண்டு பங்கு. இதற்கு முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இரண்டும் முழுசாக, அழகாக, நன்றாகக் கத்திக்கொண்டு பிறந்தவை. முதல் சில நாள் சப்புக் கொட்டிப் பால் குடித்தவை. பிறகு குடிப்பதை நிறுத்திவிட்டன. 'பால் குடிக்காமல் போனது' என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதுவும் ஒரு சாவு வகை, அவ்வளவுதான். பால் சரியில்லை என்றார்கள் சிலர். அவளைப் பார்த்தபடியே சொன்னார்கள். இந்த முறை அவள் கீரையும் பருப்பும் கஞ்சியுமாக, தொண்டைவரை தின்று உடம்பைத் தேற்றியிருந்தாள். துணைக்கு அவளுடைய அக்கா வந்து தங்கியிருந்தாள்.

குழிவெட்டுகிறவர் ஒருநாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முனை மழுங்கியிருந்தது, அடித்துக் கொடுக்க வேண்டும். லாடக்காரர் அதைக் கையில் வாங்காமலே கேட்டார்.

"யாருக்குண்ணே இப்ப அவசரம்?"

"யாருக்கும் இல்லப்பா. மழைக்கு முன்னால கூராக்கி வச்சிக்கலாம்னு." குழிவெட்டுகிறவர் திண்டில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்தார். "வலிக்குதா?"

"எரியுது."

"எரிஞ்சா நல்லது. கழுத்து?"

"கழுத்துக்கு என்ன? திரும்புது, பாருங்க."

"தம்பிக்கு மொதல்ல கழுத்துதான் புடிச்சிது. நான் பார்த்தேனே."

"அண்ணே, மண்வெட்டிய அடிக்கணுமா, வேணாமா?"

"அட, கோவப்படாத. நீ பொழச்சிக்குவே. எனக்கு முகத்தப் பார்த்தா தெரியும். எத்தனை பேரப் பார்க்கிறேன்?" அவர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனார். "கெணத்துல விழுந்ததுன்னா ஊறியிருக்கும், குழி அகலமா வேணும். இருமல்ல போனவன் லேசா இருப்பான், ரெண்டு பேரு போதும் தூக்க. காய்ச்சல்னா ஒண்ணு மேல ஒண்ணா வரும், அப்ப எனக்கு இடுப்பு ஒடியும். அதிகம் எதுன்னு கேளு."

"கேக்கல."

"பால் குடிக்காதது. அதுதான் அதிகம். ஆனா அதுக்கெல்லாம் வேலையே இல்ல. முழங்கை ஆழம் தோண்டினா போதும். கூலிகூட யாரும்..." சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றுபோனதை அவர் அப்போதுதான் கவனித்தார். குரலைத் தாழ்த்தினார். "உன் வீட்டுல ஆள் இருக்கிறத மறந்துட்டேன்."

லாடக்காரர் மண்வெட்டியை அன்றைக்கு மோசமாகத்தான் அடித்துக் கொடுத்தார். அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை.

முதல் சந்தை நாளில் அவளுக்கு வலி எடுத்தது. தெருவெல்லாம் சந்தைக்குப் போயிருந்தது. அக்கா ஓடிப் போய் மருத்துவச்சியைப் பிடித்து வந்தாள். லாடக்காரர் பட்டறையில் நொண்டிக்கொண்டே நடந்தார், உலையை மூட்டினார், அணைத்தார், அடிக்க ஒன்றுமில்லாத இரும்பை எடுத்து அடித்தார். பிற்பகலில் குழந்தையின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. பெண் குழந்தை. அக்கா கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். தொப்புள்கொடியை மருத்துவச்சி வெட்டக்கூடாது, அப்பன்தான் வெட்ட வேண்டும். அதுவும் குதிரைக் குளம்பைச் சீவுகிற கத்தியால் வெட்ட வேண்டும். இரும்பில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையை முதலில் அந்த வீட்டு இரும்பு தொட வேண்டும் என்று எவனோ ஒரு பாட்டன் ஆரம்பித்து வைத்தது. லாடக்காரரையும் அப்படித்தான் வெட்டி எடுத்தார்கள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. காலையில்கூட ஒரு குதிரைக்குச் சீவிய அந்தக் கத்தியை இடுப்பில் கட்டியிருந்த தோலில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என் கத்தரிக்கோல் வெந்நீர்லயே கெடக்கு தம்பி," என்றாள் மருத்துவச்சி.

"இருக்கட்டும்மா. எங்க வீட்டு வழக்கம்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"எப்பவும் இதத்தான் சொல்லுவேன். அடுத்ததுக்கும் சொல்லுவேன்."

அக்கா சிரித்துவிட்டாள். படுத்திருந்தவளுக்கும் உதடு லேசாக விரிந்தது. அவர் அத்தனை பெரிய கையால், பூப்பறிக்கிற மாதிரி, ஒரே இழுப்பில் வெட்டினார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. கலங்கியதைக் காட்டாமல் இருக்க, "அம்மாவ மாதிரி மூக்கு, பாவம்," என்றார்.

"பேரு யோசிச்சீங்களா தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

படுத்திருந்தவள் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். "இப்ப வேணாம்க்கா. மறு சந்தை போகட்டும். அவருக்கும் ஒரு வழி தெரியட்டும். அப்புறம் வைக்கலாம்."

குழந்தை பால் குடித்தது. நன்றாகக் குடித்தது. மூச்சு முட்ட முட்டக் குடித்துவிட்டுத் தூங்கியது. அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சோளத் தட்டை அவர் பக்கம் தள்ளுவாள். இப்போது அவளுக்குக் கேட்பதற்கு இரண்டு சத்தம். இந்தப் பக்கம் சப்புக் கொட்டுவது, அந்தப் பக்கம் மெல்லுவது. இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குத் தூக்கம் வரும்.

இரண்டு மூன்று நாள் கழித்து வைத்தியர் வந்தார். அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரே வைத்தியர், குதிரைமேல் ஊர் ஊராகப் போகிறவர். அவருடைய குதிரைக்கு முன்னங்கால் லாடம் ஆடிக்கொண்டிருந்தது. லாடக்காரர் நொண்டுவதைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"உக்காருப்பா. காலக் காட்டு. யார் சுட்டது இப்படி?"

"நானேதாங்க."

"நீயேவா? எமகாதகன்யா நீ!" வைத்தியர் புண்ணை அமுக்கிப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு மென்று காட்டச் சொன்னார், விழுங்கச் சொன்னார். "அநேகமா தப்பிச்சே. சுட்டதுதான் உன்னக் காப்பாத்திச்சின்னு நெனைக்கிறேன்."

"ஆணி துருவா இருந்திச்சிங்க. அதாலதானே வருது?"

"துருவுல ஒண்ணும் இல்ல. குதிரைச் சாணி கலந்த மண்ணு இருக்கு பாரு, அதுலதான் அந்த விஷம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. லாயத்துல இருக்கும், குளம்புல ஒட்டியிருக்கும். உன் அரத்துல, கத்தியில எல்லாத்துலயும் இருக்கும். புண்ணுக்குள்ள போகாத வரைக்கும் ஒண்ணும் செய்யாது. போச்சின்னா போச்சி. இனிமே கையில சின்னக் கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவு. அந்தக் கத்தியெல்லாம் தோல்ல படவே கூடாது, புரியுதா?"

"புரியுதுங்க. அப்ப எனக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"சாப்பிடுறியா?"

"சாப்பிடுறதாவது! அவ சோளமாப் போட்டு என்னக் கொல்றா."

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "உன்னோடதா? நல்ல தொண்டை. அப்பன மாதிரி," என்று சொல்லிக்கொண்டே குதிரையில் ஏறிப் போய்விட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அந்த வீட்டு வழக்கம் தெரியாது. தெரிந்தவர் தன் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தார். சோப்புக் கட்டியைத் தேடி எடுத்து, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கத்தியைக்கூடக் கழுவி வைத்தார்.

மறு சந்தை நாளும் வந்தது. விடிந்ததும் விடியாததுமாக லாடக்காரர் எழுந்து வாசலில் நின்று பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். கன்னத்து எலும்பு சொடுக்கும்வரை விட்டார். காய்கறி வண்டியில் போனவன் அதைப் பார்த்துவிட்டு, "வாய மூடுய்யா, வண்டி உள்ள போயிடும்!" என்று கத்தினான். தெருவே சிரித்தது. பத்துப் பன்னிரண்டு நாளாகக் கன்னத்தைப் பார்த்துப் பேசியவர்கள் அன்றைக்குத்தான் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். அவருக்கு யார் தோளிலாவது கை போட வேண்டும் போல இருந்தது.

உள்ளே வந்தார். "இன்னைக்குத் தட்டக் கொண்டா. நானே கேட்டுத் திங்கறேன். இதுதான் கடைசி. இதுக்கப்புறம் சோளம்னு இந்த வீட்டுல பேச்சு எடுத்தா பாரு."

மனைவி எழுந்திருக்கவில்லை. தட்டை அவரே எடுத்துக்கொண்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரியிலேருந்து சரியாக் குடிக்கல," என்றாள். அவள் யாருக்கும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. "வாய்ல வச்சா நழுவிடுது. அழுகையும் ஒரு மாதிரி இருக்கு. முனகுது."

"தூக்கக் கலக்கமா இருக்கும்," என்றாள் அக்கா. "பசிக்கும்போது தானா குடிக்கும். நேத்து வெயில் வேற. இங்க பாரு, விரல வச்சா எப்படிக் கவ்வுது பாரு! பசி இருக்கு. உனக்குத்தான் பால் சரியா எறங்கல."

"எறங்குதுக்கா. மார் கட்டிக்கிட்டு வலிக்குது. அது குடிக்க மாட்டேங்குது."

"கவ்வுதே!"

"கவ்வுதுன்னா?" என்றார் லாடக்காரர்.

"விரல விட மாட்டேங்குது தம்பி. கெட்டியாப் புடிச்சிக்குது."

அவர் சோளத் தட்டைக் கீழே வைத்தார். மனைவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். குழந்தையின் உதடு இரண்டு ஓரத்திலும் இழுத்துக்கொண்டு, பார்ப்பதற்கு லேசாகச் சிரிப்பது போல இருந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். சுண்டு விரலை அந்த வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். பல்லில்லாத ஈறு விரலைக் கடித்துக்கொண்டு நின்றது. சப்பவில்லை. அவர் விரலை எடுக்க முயன்றார். வெளியே யாரோ வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள், டொப்பென்று சத்தம். குழந்தையின் உடம்பு மொத்தமும் விறைத்துத் தூக்கிப் போட்டது. இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டது.

அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. இத்தனை நாளும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். அதை விடக் கொடுமை, இதற்கு முன்னால் போன இரண்டும். அவற்றையும் அவர்தான் வெட்டி எடுத்தார். பெருமையாக வெட்டினார்.

"என்னங்க? ஏன் அப்படிப் பாக்கிறீங்க?" மனைவி அவர் கையைப் பிடித்தாள். "இதுவும் குடிக்காமப் போயிடுமா? என் பால்லதாங்க ஏதோ இருக்கு. எல்லாரும் சொல்றது சரிதான். என் பால்லதான்..."

"உன் பால்ல ஒண்ணும் இல்லடி." என்றார் அவர். "அதுங்க குடிக்காமப் போகல. எதுவும் குடிக்காமப் போகல. குடிக்க முடியாமப் போச்சிங்க. வாய் பூட்டிக்கிச்சி. எனக்கு வரும் வரும்னு பார்த்தது..." தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான்தாண்டி. என் கையாலதான், அந்தக் கத்தியாலதான்."

அவள் அவரையே பார்த்தாள். விளங்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்காதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அலறுவதற்குள் அவர் அக்காவின் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதீங்கக்கா. சத்தம் போட்டா அதுக்கு இழுக்கும்."

வைத்தியர் சந்தை நாளில் சந்தைத் திடலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார். லாடக்காரர் குழந்தையைத் துணியில் சுற்றி, காதையும் சேர்த்து மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பட்டறையில் லாடம் அடிக்க வந்த குதிரை நின்றது. ஏறினால் குலுங்கும் என்று அதைத் தொடவில்லை. வெந்த குதிகாலை முழுசாக ஊன்றி, ஓடாமல், ஆனால் ஓட்டமாக நடந்தார். பின்னால் மனைவி பச்சை உடம்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

சந்தை நாள். தெருவில் கூட்டம். அவரைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

"பொழச்சிட்டியேய்யா! மறு சந்தை வந்திடுச்சி!"

"காலு நல்லா ஊனுதே! ஆணியாவது ஒண்ணாவது!"

"புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா? காட்டு, காட்டு, மூக்கு யாரு மாதிரி?"

குழிவெட்டுகிறவர் எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னேனா இல்லையா? எனக்கு முகத்தப் பார்த்தா தெரியும்னு!" என்று உரக்கக் கத்திக்கொண்டே அவர் முதுகில் சந்தோஷமாக ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

துணிக்குள் குழந்தை மறுபடியும் விறைத்தது. லாடக்காரர் தன் உள்ளங்கையால் அதன் காதை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டார். சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க என்று கும்பிடாத குறையாகச் சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தார். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டதற்காக அந்தத் தெரு முழுக்கக் கை தட்டிக்கொண்டிருந்தது.